மெர்சிஹாவின் காலைநேர மாத்திரை

மெர்சிஹா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவளை அசைப்பதைவிட எங்கள் ஊர் ஸெனிட்சாவின் உருக்காலைப் புகைபோக்கியை நகர்த்துவது சுலபம். செருப்புத் தொழிற்சாலையில் என் பக்கத்துத் தையல் இயந்திரம் அவளுடையது. குடியிருப்பில் என் எதிர்வீடும் அவளுடையதுதான். ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு எல்லா உரிமையும் உண்டு.

அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை. கணவன் ஹாசிப் நல்லவன். லாரி ஓட்டுகிறான், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிறான். முதல் தடவை உண்டானது மூன்றாம் மாதத்துக்குள் கலைந்தது. அதற்குப் பிறகு அவள் உடம்பு ஊதத் தொடங்கியது. இயந்திரத்தின் முன்னாலேயே கண் சொக்கும். கொளுத்தும் கோடை வெயிலில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு வருவாள். ஒருத்தி வெந்நீர் ஊற்றில் குளிக்கச் சொன்னாள், இன்னொருத்தி ஓதிய தாயத்தைக் கட்டச் சொன்னாள். கீழ்வீட்டு ஷெஃபிகா மட்டும் வாய்க்கு வந்தபடி பேசினாள்.

"தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கினா வயித்துல என்னடி தங்கும்?"

"உன் வாய் தூங்கினா இந்தக் கட்டடமே நிம்மதியா இருக்கும்" என்றேன் நான். மெர்சிஹா அடுத்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு ஹார்மோன் டாக்டரிடம் கிளம்பிவிட்டாள். என் பழைய காரில் நான்தான் கூட்டிப்போனேன்.

டாக்டர் வில்தானா ஒல்லியான பெண்மணி, சிரிப்பதற்குக் கஞ்சத்தனம் பண்ணுபவர். மெர்சிஹாவின் கையைத் தொட்டார், சொரசொரத்த தோலைத் தடவினார், காலுறையைப் பார்த்தார்.

"கர்ப்பப்பையை எல்லாரும் பாத்துட்டாங்க. நான் கழுத்தைப் பாக்கிறேன்" என்று தொண்டையில் விரல் வைத்தார். ரத்தப் பரிசோதனை வந்ததும் சொன்னார்: "உங்க தைராய்டு படுத்துக்கிடக்கு. அது படுத்தா உடம்பே படுத்துடும். எடை ஏறும், குளிரும், கருவும் தங்கத் திணறும். தினமும் எழுந்ததும் வெறும் வயித்துல ஒரு மாத்திரை. ரத்தத்துல ஏறிக்கிடக்கிற இந்த அளவு இறங்கி ஒழுங்குக்கு வரட்டும், அப்புறம் பிள்ளையைப் பத்திப் பேசலாம்."

அளவு இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார், அப்போதும் இறங்கவில்லை. இதற்கு நடுவில், யாரும் எதிர்பார்க்காமல் இரண்டாவது தடவை உண்டாகி, அதுவும் போனது. அன்று நான் அழுத அழுகையில் பாதிகூட அவள் அழவில்லை. எனக்கு அவள்மீது கோபமே வந்தது.

"வேற டாக்டரைப் பாருடி. சரயேவோவுல பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க" என்றேன்.

"இந்தம்மா என்னை விட்டுடலை. நானும் விடப் போறதில்லை" என்றாள்.

அடுத்த முறை மாமியார் பெஹியாவும் கூட வந்தார். பெஹியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்து, மருமகளுக்குச் சோறு கட்டி, அவள் சட்டையைத் தேய்த்து வைக்கும் மாமியார் எங்கள் பகுதியில் வேறு யாரும் இல்லை. பேரப்பிள்ளைக்கென்று அவர் பின்னிய சின்னத் தொப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

டாக்டர் புதிய அளவைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "மாத்திரையை விடாம சாப்பிடுறீங்களா?"

"ஒரு நாளும் விட்டதில்லை."

"சரி. எப்படிச் சாப்பிடுறீங்க? கண்ணு முழிச்சதுலேர்ந்து ஒவ்வொண்ணா சொல்லுங்க."

மெர்சிஹா வாயைத் திறப்பதற்குள் திறந்த கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பெஹியா உள்ளே வந்துவிட்டார். நானும் பின்னாலேயே நுழைந்துவிட்டேன்.

"அதை என்னைக் கேளுங்க டாக்டர். இவ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். இவ எழுந்து குழாய் திறக்கிற சத்தம் கேட்டதும் அடுப்புல காப்பியை வச்சிடுவேன். தட்டுல சர்க்கரைக் கட்டி, பக்கத்துல மாத்திரை. என் கையாலேயே எடுத்துக் குடுப்பேன். மாத்திரையைப் போட்டு ஒரு வாய் காப்பி குடிச்சாதான் அந்த இடத்தை விட்டு நகருவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வெறும் வயித்துலன்னு சொன்னேனே அம்மா."

"வெறும் வயிறுதான்! ஒரு பருக்கை போயிருக்காது. காப்பி என்ன சாப்பாடா?"

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"காப்பி அந்த மாத்திரையை உடம்புல சேர விடாது" என்றார் டாக்டர். "நிறைய வீணாப் போயிருக்கும். தண்ணியோட போட்டுட்டு ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. இதை நான் முதல் நாளே கேட்டிருக்கணும்."

பெஹியாவின் முகம் சுண்டிப்போனது. "அப்ப... ரெண்டாவது குழந்தை?"

"அதனாலதான் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. ஆனா இனிமே இதை விட்டுவைக்க மாட்டேன்."

பெஹியா வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது, "நான் மக வீட்டுக்குப் போயிடறேன்" என்றார்.

"எங்கயும் போகக் கூடாது" என்றாள் மெர்சிஹா. "நாளையிலேர்ந்து முன்னாடியே எழுந்துக்கிறேன். மாத்திரை போடுவேன். ஒரு மணி நேரம் கழிச்சு நீங்க காப்பி வைக்கணும். உங்க காப்பி எனக்கு வேணும்."

மறுநாள் இருவரும் அணைந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்களாம். காப்பி இல்லாமல் பேசிப் பழக்கமில்லாத இரண்டு பெண்களுக்கு ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம்! வேறு பேச்சு இல்லாமல்தான், போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார்கள் என்று மெர்சிஹா சொன்னாள்.

ஞாயிறு காலை ஷெஃபிகா வீட்டில் பெண்கள் எல்லாரும் கூடினோம். மெர்சிஹா அப்போதுதான் மாத்திரை போட்டுவிட்டு வந்திருந்தாள். நீட்டிய காப்பியை வேண்டாம் என்றாள்.

"காப்பி வேண்டாமா? அப்ப விசேஷம்தான்!" என்று ஷெஃபிகா கை தட்டினாள். எல்லாரும் வாழ்த்தத் தொடங்கினார்கள். மெர்சிஹா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த வாழ்த்தைவிட வசவே பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

பெஹியா எழுந்து நின்றார். வழுக்கி விழுந்ததைக்கூட வெளியே சொல்லாத மனுஷி அவர்.

"விசேஷம் ஒண்ணுமில்லை. மாத்திரையைக் காப்பியோட குடுத்து இத்தனை நாள் வீணாக்கினது நான். என் கையாலேயே குடுத்தேன். இனிமே யாராவது பேசணும்னா என் கையைப் பத்திப் பேசுங்க. இவ வயித்தைப் பத்திப் பேசுற வாயை நான் தைச்சிடுவேன்."

ஷெஃபிகா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அளவு மெல்ல இறங்கியது. கம்பளிக் காலுறை போனது, பகல் தூக்கம் போனது. இலையுதிர் காலத்தில் டாக்டர், "இப்ப முயற்சி பண்ணுங்க. உண்டானா வேற யார்கிட்டயும் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வாங்க, மாத்திரையைக் கூட்டணும்" என்றார். பனிக்காலத்தில் உண்டானதும் அவள் போய் நின்றாள். அன்றே கூட்டினார்.

மூன்றாம் மாதம் முடிந்து ஸ்கேன் எடுத்த அன்று, திரையில் அந்தத் துடிப்பைப் பார்த்ததும் பெஹியா சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். நானும்தான். மெர்சிஹா மட்டும் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"மூணு தாண்டியாச்சு. இன்னும் ஆறு பாக்கி. கண்ணைத் துடைங்க அத்தை, போகலாம்."