விழுவதற்கென்று ஒருவன்

கார்னெல் ஸ்டிரிங்கருக்கு ஊர் வைத்த பெயர் ‘மரம்’. ஆறரை அடி உயரம், ஆளை மறைக்கும் அகலம், பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் அவன் நிற்பதைப் பார்த்து வைத்ததல்ல. விழுவதைப் பார்த்து வைத்தது.

மிசிசிப்பி டெல்டாவில் சனிக்கிழமை என்றால் கல்லூரி ஃபுட்பால், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். தோளில் கவசமும் தலையில் ஹெல்மெட்டுமாகத் தடுப்பு அணியின் நட்டநடுவில், பந்துக்கு நேர் எதிரே மண்ணில் கை ஊன்றிக் குந்தியிருப்பவன் கார்னெல். அவனைத் தாண்டுவதும் சுவரைத் தாண்டுவதும் ஒன்று என்று ஒரு காலத்தில் பேசிக்கொண்டார்கள். இப்போது யாரும் சுவரில் மோதுவதில்லை. எதிரணிக்காரர்கள் சுவரை மூச்சு வாங்க வைக்கிறார்கள். ஒரு ஓட்டம் முடிந்து, விழுந்தவன் எழுந்து புல்லைத் தட்டுவதற்குள் அடுத்த ஓட்டம் கிளம்பிவிடும். கூடிப் பேசுவது கிடையாது, நிற்பது கிடையாது. அவர்கள் நிற்காதவரை தடுப்பவர்கள் ஆளை மாற்ற முடியாது. களத்தில் மாட்டிக்கொண்டவன் மாட்டிக்கொண்டவன்தான்.

தடுப்புக்குப் பொறுப்பான கோச் லாங்லி என்னென்னவோ செய்து பார்த்தார். நீளமான கட்டளைகளை ஒற்றை வார்த்தையாகச் சுருக்கினார். “கட்டிப் பிடிச்சவன் மேலயே கொஞ்ச நேரம் கிடங்கடா, சாவகாசமா எந்திரிங்க” என்று சொல்லிக் கொடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. முந்தின வருடம் தோற்றதற்கே அவர் வேலை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் கார்னெலைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நான் தொப்பியைக் கழட்டினா நீ விழணும். தொடையைப் பிடிச்சுக்க. ஆட்டம் நிக்கும், நம்ம பசங்க மூச்சு விட்டுக்குவாங்க. நீ ஒரு ஓட்டம் வெளிய இருந்துட்டு திரும்பி வந்துடலாம்.”

“பொய்யா விழணுமா கோச்?”

“பொய் என்னடா பொய்? உனக்கு மூச்சு வாங்கலையா?”

வாங்கியது. மற்றவர்களைவிட அதிகமாகவே வாங்கியது. கார்னெலின் ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு குறை இருந்தது. ஓய்வில்லாமல் உடம்பை முறுக்கினால் ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். அணியின் மருத்துவ உதவியாளர் ஜோலீன் அதை அவனிடம் பல தடவை சொல்லியிருந்தாள். “தசை பிடிச்சுக்கிட்டா பரவாயில்ல கார்னெல். கால் செத்த மாதிரி கனத்தா, அந்த நிமிஷமே உக்காந்துடு. வீரம் காட்டாதே.”

ஆக, அவன் பொய்யாக விழுந்த ஒவ்வொரு விழுகையும் அவனுக்கே தெரியாமல் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஐயோ, அது அன்று யாருக்குத் தெரிந்தது?

ஊருக்குத் தெரிந்ததெல்லாம் கேலிதான். தொப்பி கழன்றதும் எதிரணிக் கூட்டம் எழுந்து நிற்கும். “மரம் சாயுது! ஓரம் போ!” சொந்த ஊரிலும் நிம்மதி இல்லை. அவன் தாய் வெர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். தேவாலயச் சமையல்கட்டில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தவளிடம் ஒருத்தி கேட்டாள், “என்ன வெர்லீன், உன் மகன் இந்த வாரம் எத்தனை தடவை செத்தான்?” எல்லாரும் சிரித்தார்கள். வெர்லீனும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அன்று மாலை மகன் தட்டில் மீனை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“உங்கப்பா போனப்புறம் ஒத்த ஆளா உன்னை வளத்தேன். ஊர் முன்னாடி பொய்க்குப் படுக்கிறதுக்கா வளத்தேன்?”

“கோச் சொல்றாரும்மா.”

“கோச்சா உன்னைப் பெத்தாரு?”

கார்னெல் தட்டையே பார்த்தான். “இனிமே விழ மாட்டேம்மா.”

அவள் எழுந்து வந்து அவன் நெற்றியில் முத்தமிட்டாள். பாவம், தன் மகன் கழுத்தில் என்ன கயிற்றை மாட்டினோம் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை வெயில் ஈயமாக உருகிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணி வந்திருந்தது. வேகத்துக்குப் பேர்போன அணி. வெர்லீன் கீழ்வரிசையில், கம்பித் தடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஓட்டம், உடனே ஓட்டம், அதன் வால் பிடித்து இன்னொரு ஓட்டம். லாங்லி தொப்பியைக் கழற்றினார். கார்னெல் பார்க்காதவன் போல மண்ணில் கை ஊன்றினான். அவர் தொப்பியை ஆட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதலில் முதுகு வலித்தது. பிறகு தொடைகள். இறுகவில்லை, இழுக்கவில்லை. தன் கால்களே இல்லை என்பது போல வெறுமனே கனத்தன.

அவனுக்குப் பின்னால் நின்று ஆடுபவன் டெல்வின் ரக்கர். விடுதியில் ஒரே அறை. அணியிலேயே ரோஷக்காரன். “செத்தாலும் நான் விழ மாட்டேன் மச்சான், அதுக்குத்தான் உன்னை வெச்சிருக்கோமே” என்று தினமும் சீண்டுபவன். அவன்தான் முதலில் கவனித்தான்.

“மச்சான், உதடெல்லாம் சாம்பலா இருக்குடா. விழுடா!”

“அம்மா பாக்குது.”

“விழுடாங்கறேன்!”

“மாட்டேன்.”

நடுவர் பந்தை வைத்துவிட்டார். எதிரணி குனிந்துவிட்டது. டெல்வின் ஒரு கணம் யோசித்தான். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவரை கேட்கும்படி ஒரு அலறல் அலறி, மல்லாக்க விழுந்தான்.

விசில் ஒலித்தது. கூட்டம் குலுங்கியது. “அடடா, தோப்பே சாயுதுடோய்!”

ஜோலீன் பையோடு ஓடி வந்தாள். “எங்க வலிக்குது?”

“எனக்கு ஒரு மண்ணும் இல்ல. அவனைப் பாருங்க!”

கார்னெல் நின்றுகொண்டுதான் இருந்தான். கைகளை முட்டியில் ஊன்றி, வாயைத் திறந்து, காற்றைத் தேடிக்கொண்டு. ஜோலீன் அவன் தோளை அழுத்தினாள். அவன் மடங்க மறுத்தான். அதற்குள் கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்து, காவலரை உதறிவிட்டு, வெர்லீன் களத்துக்குள் ஓடி வந்துவிட்டாள்.

“படுத்துக்கடா என் ராஜா! அம்மா சொல்றேன், படுத்துக்க!”

அதன் பிறகே அந்த உடம்பு சாய்ந்தது. ஆக்ஸிஜன் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. எதிர்வரிசை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. லாங்லி டெல்வினின் சட்டையைப் பிடித்தார். “யாரைக் கேட்டுடா விழுந்தே?” டெல்வின் சட்டையை விடுவித்துக்கொண்டு ஆம்புலன்ஸைப் பார்த்து நடந்தான். ஆளில்லாத நடுவழியாக எதிரணி அடுத்த ஓட்டத்திலேயே புள்ளி எடுத்தது.

“இன்னும் ரெண்டு மூணு ஓட்டம் ஆடியிருந்தா உங்க மகன் இல்லை” என்றார் மருத்துவர். உயிர் தங்கியது. நைந்த தசையின் கழிவு ரத்தத்தில் கலந்ததில் சிறுநீரகங்கள் தங்கவில்லை. வெர்லீன் காலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு மகனை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறாள். லாங்லிக்கு வேலை நீடித்தது.

மறு வருடம் இலையுதிர் காலம். வீட்டு வரவேற்பறைத் தொலைக்காட்சியில் அதே கல்லூரி ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு புதுப் பையன், கார்னெல் அளவுக்கே பெரியவன். எதிரணி நிற்காமல் ஓடியது. திடீரென்று அந்தப் பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். வர்ணனையாளர்கள் சிரித்தார்கள்.

வெர்லீன் தொலைக்காட்சியை அணைக்கப் போனாள்.

“இரும்மா” என்றான் கார்னெல். நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். “எந்திரிக்கிறானான்னு பாக்கணும்.”

திரையில் கூட்டம் கைகொட்டிக் கேலி செய்துகொண்டிருந்தது. பையன் இன்னும் எழவில்லை.