தூணில் கட்டாத கயிறு

கோட்டைக்குப்பம் ஏகாம்பரம் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் செல்வி தொலைபேசியில் சொன்னபோது நான் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். “அம்மா, நைனா பூட்டாரும்மா. தூக்கத்துலயே” என்றாள். சொல்ல வேண்டியதையெல்லாம் முறையாகச் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்குள் முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. என்னைப் பற்றிய ஓர் உண்மை தெரிந்த ஒரே மனிதர் போய்விட்டார் என்ற நிம்மதி. எண்பது வயதில் இப்படி ஒன்றை எழுத வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு நான் அவருடைய முதலாளியம்மா. சென்னையில் என் கணவர் தொடங்கிய ஒலிப்பதிவுக்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏகாம்பரம் ஒலிப்பதிவாளர். என் கணவர் காலமான பின் நிறுவனத்தை நான் நடத்தினேன். எங்கள் இசைத்தட்டுகளிலும் கேசட்டுகளிலும் ‘தயாரிப்பு’ என்ற இடத்தில் முதலில் என் கணவர் பெயர் இருந்தது, பிறகு என் பெயர். ஆனால் யாரைப் பாட வைப்பது, எந்தப் பாட்டு முன்னால் வர வேண்டும், எதைத் திரும்பப் பாடச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்தவர் ஏகாம்பரம். அந்த வேலையைச் செய்பவருக்குத்தான் தயாரிப்பாளர் என்று பெயர். உறையின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் ‘ஒலிப்பதிவு உதவி: ஏகாம்பரம்’ என்று இருக்கும். ‘உதவி’ என்ற சொல்லைச் சேர்த்தது நான்.

அவர் வேலை கேட்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை தன் ஊர்ப் பக்கம், பழவேற்காட்டில், கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் மைக் செட் போட்டுக்கொண்டிருந்தாராம். என் கணவர் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஏகாம்பரம் பாடும் அறையின் நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கைதட்டினார். நான் என் அறையிலிருந்து வந்து, “யாரைக் கைதட்டிக் கூப்பிடறே? இங்க வேலைக்காரங்களைக்கூட நாங்க அப்படிக் கூப்பிடறது இல்லை” என்றேன். கான்வென்ட்டில் வளர்ந்த எனக்கு அது பொறுக்க முடியாத அவமரியாதை.

“யாரையும் கூப்பிடலம்மா. இந்த ரூமு எப்டிப் பேசுதுன்னு பாக்குறேன்” என்றார்.

“என்ன பேசறது?”

“அந்த மூலை கொஞ்சம் வாயாடிம்மா. ஒரு ஜமுக்காளம் தொங்கவிட்டா அடங்கிரும்.”

என் கணவர் சிரித்துவிட்டு அன்றே வேலை கொடுத்தார். ஜமுக்காளம் தொங்கிய பிறகு அந்த மூலையின் எதிரொலி நின்றது. அதன் பிறகு எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஏகாம்பரம் முதலில் ஒரு தடவை கைதட்டிக் கேட்பார். நான் அவரை ‘நீ’ என்றுதான் கடைசி வரை அழைத்தேன். இந்தப் பக்கங்களில் ‘அவர்’ என்று எழுதும்போது என் கை தயங்குவதை நானே பார்க்கிறேன்.

ஒரு முறை சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு பெண் பாட வந்திருந்தாள். பதிவு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு கதவுக்கு மேலே எரிந்ததும் அவளுக்குத் தொண்டை அடைத்துவிடும். பாட்டு ஐந்து முறை பாதியில் நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏகாம்பரம் விளக்கை அணைத்துவிட்டு, “மிசின் ரிப்பேரு. சரி பண்ற வரைக்கும் சும்மா பாடினு இரு தாயி” என்றார். அவள் பாடினாள். அதுதான் பதிவு. இப்படி ஏமாற்றலாமா என்று நான் பிறகு கேட்டதற்கு, “ஏமாந்தது அந்த வெளக்கு தாம்மா, அந்தப் பொண்ணு இல்ல” என்றார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். “மைக்கு பொய் சொல்லாதும்மா. நாம சொல்லிக் குடுத்தா தான் சொல்லும்.”

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது, கடலில் விட்ட கரைவலையைக் கரையில் நின்று இழுப்பவர்களின் பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டு. யோசனை ஏகாம்பரத்துடையது. தேசப்பன் என்ற மீனவரையும் அவரோடு சேர்ந்து வலை இழுக்கும் ஐந்து பேரையும் கோட்டைக்குப்பத்திலிருந்து அவரே அழைத்துவந்தார். கூடவே ஒரு பெரிய வலைக்கயிற்றுச் சுருள். பொன்னேரி வரை பஸ்ஸிலும் பிறகு ரயிலிலும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு முனையைப் பாடும் அறையின் தூணில் கட்டி, மறுமுனையை இவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றார்.

“இழுக்காம இவங்களுக்குப் பாட வராதும்மா. மூச்சு கயித்துல தான் இருக்குது.”

கயிற்றில் மீன் வாடை. கம்பளம் புதிது. “முதல்ல இதை வெளியே கொண்டு போ. இது ஸ்டூடியோ, உங்க கடற்கரை இல்லை” என்றேன். பாட வந்தவர்கள் முன்னிலையிலேயே சொன்னேன். அவர் கயிற்றைச் சுருட்டி வெளியே வைத்தார். ஆறு பேரையும் நான் வரிசையாக நிற்க வைத்தேன். முதுகு நேராக, கைகள் பக்கவாட்டில், தாடை சற்று உயர்ந்து. சேர்ந்திசைக்குக் கான்வென்ட்டில் எங்களை அப்படித்தான் நிறுத்துவார்கள்.

“இன்னாம்மா, போட்டா புடிக்கப் போறீங்களா?” என்றார் தேசப்பன். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பாட்டு தாளம் தவறாமல் வந்தது. உயிர்தான் இல்லை. எனக்கு அது கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை ஏகாம்பரம் என் மேசையில் இரண்டு ஒலிநாடாச் சுருள்களை வைத்தார். ஒன்று ஸ்டூடியோவில் எடுத்தது; இன்னொன்றுக்காக ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் எங்கள் சிறிய ரெக்கார்டரை ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறார். “ரெண்டு இருக்குதும்மா. ஒரு தபா கேட்டுட்டு எது வேணுமோ எடுத்துக்குங்க.” இரண்டாவதைப் போட்டேன். முதலில் அவர் குரல் வந்தது. “கோட்டைக்குப்பம் கரை. தேசப்பன் ஆளுங்க. பதிவு, ஏகாம்பரம். வலைல மீன் இருக்குது, சும்மா பாடல.” பிறகு பாட்டு. மணலில் கால்கள் புதைவதும், கயிறு இறுகுவதும், ஆறு பேரும் ஒன்றாக மூச்சை விடுவதும் கேட்டன. என் கைகள் மேசை விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததைப் பாட்டு முடிந்த பிறகுதான் கவனித்தேன்.

“தட்டுல இதுவே போகட்டும்” என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. பிளேடை எடுத்து, அவர் பேசியிருந்த முன்பகுதியை என் கையாலேயே வெட்டினேன்.

“அது வேணாமாம்மா?”

“வேண்டாம்.”

“சரிம்மா.”

வெட்டிய மூன்று முழ நாடா தரையில் விழுந்தது. அறையில் குப்பை கிடப்பது எனக்குப் பிடிக்காது. எடுத்துச் சுருட்டி ஹேர்பின் டப்பாவில் போட்டேன்.

தட்டு வெளிவந்தது. பத்திரிகைகள் எழுதின. ஒரு சங்கம் எனக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தியது. கேள்வி நேரத்தில் ஒருவர், “ஸ்டூடியோவுக்குள் கடலை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?” என்று கேட்டார். நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். கயிறு இல்லாமல் அவர்களால் பாட முடியாது என்று எனக்குத் தோன்றியது என்றேன். ஸ்டூடியோத் தூணில் ஒரு வலைக்கயிற்றைக் கட்டச் சொன்னேன் என்றேன். கம்பளம் பாழாவதைப் பற்றிக்கூட நான் கவலைப்படவில்லை என்றேன். அரங்கம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டினார்.

வெளியே கார் அருகில் வந்து, “நல்லா பேசுனீங்கம்மா. மைக்க மட்டும் கொஞ்சம் தள்ளிப் புடிச்சிருக்கலாம், மூச்சு அடிச்சிது” என்றார். அவ்வளவுதான். கயிற்றைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அந்தக் கதையை நான் வானொலியில் ஒரு முறையும், மேடைகளில் எத்தனையோ முறையும் சொல்லிவிட்டேன். கேசட் காலம் முடிந்து நிறுவனத்தை மூடிய பிறகு, அவர் ஊரிலேயே இருந்து, குப்பம் குப்பமாகப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தார். பொங்கலுக்குப் பொங்கல் இறாலோடு என் வீட்டுக்கு வருவார். நான் ஒரு முறைகூடக் கோட்டைக்குப்பம் போனதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் முதல் முறையாகப் போனேன். ஹேர்பின் டப்பாவைக் கைப்பையில் வைத்திருந்தேன். செல்வியிடம் தனியாகக் கொடுத்துவிட்டுத் திரும்புவதாக எண்ணம். பந்தலில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அவள் வந்து எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நைனாவுக்கு வேல கத்துக் குடுத்ததே நீங்க தாம்மா” என்றாள். அதைக் கேட்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். கயிற்றை வெளியே போடச் சொன்னது, கரையில் அவர் தனியாகப் பதிவு செய்தது, நான் பிளேடால் வெட்டியது, மேடையில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். இது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றும் சொன்னேன்.

யாரும் திடுக்கிடவில்லை. தேசப்பனுக்கு இப்போது கண் பார்வை குறைவு. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“இன்னாம்மா இது, அவனுக்கு மட்டும் தான் தெரியும்ன்றீங்க? அன்னிக்குக் கயித்தப் புடிச்சி இழுத்ததே நாங்க தான? நீங்க ரேடியோல தூணு, கயிறுன்னு சொன்னப்ப இங்க எல்லாம் உக்காந்து கேட்டுச் சிரிச்சோம். இவன் தான், ‘வுடுங்கடா, ரெண்டு டேப்புல நல்லத எடுத்துச்சு பாரு அம்மா, அந்தக் காது போதும்’னான்.”

பின்னால் ஒரு பெண் சிரிப்பை அடக்கியது கேட்டது. ஆறு பேர் பாடியிருக்கிறார்கள். அவர்களுடைய ஊரே கேட்டிருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக ஒரே ஒரு சாட்சிக்குப் பயந்துகொண்டிருந்தேன். அந்த ஆறு பேரையும் சாட்சி சொல்லக்கூடிய மனிதர்களாக நான் கணக்கில் வைக்கவே இல்லை. செய்ததிலெல்லாம் எனக்கு அதிக வெட்கம் தருவது இதுதான்.

டப்பாவைச் செல்வியிடம் கொடுத்தேன். தெரிந்தவர்கள் மூலம் அந்த நாடாவைப் பாட்டின் முன்னால் மறுபடி சேர்த்து, போன வாரம் எனக்கு அனுப்பியிருக்கிறாள். இனி அந்தப் பாட்டு எங்கே வெளிவந்தாலும் முதலில் ஏகாம்பரத்தின் குரல் வரும், தயாரிப்பு என்ற இடத்தில் அவர் பெயர் வரும். அதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவருடையவை என்று என்னிடம் இருந்தவற்றையெல்லாம் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து அவர் எனக்காகத் தட்டிய கைதட்டல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.