மூன்று நட்சத்திரம் தெரியும்வரை

எம்.ஏ.வில் யூதர்களின் புதிய நாட்டைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். கொடைக்கானலில் துணிக்கடை வைத்திருந்த கொச்சி யூத அம்மா ஒருவர், ஞாயிறன்று இஸ்ரேலுக்குப் புறப்படுவதாகக் கேள்விப்பட்டேன். சனிக்கிழமை வெள்ளனவே நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன்.

"இன்னைக்கு எங்களுக்கு ஓய்வுநாள் தம்பி. எழுதுறதும் வேலைதான், இங்க உக்காந்து எழுதாதீங்க. சாயங்காலம் வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சா ஓய்வுநாள் முடிஞ்சிரும், அப்புறம் எழுதிக்கலாம்" என்று சிரித்தார்.

ஓய்வுநாளைப் பற்றியே பத்துப் பக்கம் எழுதியவன் நான். கிழமையைத்தான் பார்க்கவில்லை.

பேனாவை மூடிவிட்டு அவர் பேசுவதைக் கேட்டேன். கப்பல் பயம், விட்டுப்போகிற ரோஜாச் செடிகள், முன்பே போன தங்கை அங்கே கோழிப்பண்ணையில் பாடும் மலையாளப் பாட்டு என்று பேசிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பனிமூட்டம் இறங்கியது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

வெற்று நோட்டோடு வீடு திரும்பினேன். அன்று எழுதியிருந்தால், அவர் அந்த நோட்டில் மட்டும்தான் இருந்திருப்பார்.