காந்தக் கிரேன் சாம்சன்

சாம்சன் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவான். பிறகு அதை வைக்க, பக்கத்தில் காந்தம் இல்லாத இடமாகத் தேடுவான். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஒன்பது வருடமாகக் காந்தக் கிரேன் ஓட்டிவந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் காந்தம் அவனுடைய இரண்டு கடிகாரங்களை நிறுத்திவிட்டது.

"ண்ணா, இது இன்னா கிரேனா, ஊடா?" என்று தங்கை ஜெனிபர் கிண்டல் செய்வாள்.

அந்தக் காலை அவள் கிண்டல் செய்யும் நிலையில் இல்லை. பத்தரைக்கு ஆன்லைன் நேர்காணல். கூடவே ஒரு தேர்வு, போனில் எழுத முடியாது. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். இரண்டு வருடத் தேடலில் கடைசிச் சுற்றுவரை வந்த ஒரே வேலை இது. லேப்டாப்பிலோ விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தாள். பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தாள். 'இதைக்கூடச் சரிசெய்யத் தெரியாத நமக்கு அந்த வேலை எதற்கு' என்று மனம் குத்தியது. அண்ணனுக்குப் போன் செய்தாள்.

லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று, ஆரம்பாக்கத்தில் இருந்த அவள் வீட்டுக்குச் சாம்சன் வந்து சேர்ந்தபோது மணி பத்து. கை தானாகக் கடிகாரத்தைக் கழற்றியது. லேப்டாப் பக்கத்தில் வைக்கப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"இது இன்னாத்து மேல குந்திக்கினு கீது?"

"ஜெபக்கூட்டத்து ஸ்பீக்கர் பாக்ஸ். மூஞ்சி நேரா தெரியணும்னு ஒசரத்துல வச்சேன்."

"அதுக்குள்ள பெரிய காந்தம் இருக்குமே ஜெனி."

தூக்கிக் கட்டிலில் வைத்தான். திரை வெளிச்சமானது. திரும்பப் பெட்டிமேல் வைத்தான், இருண்டது. தூக்கினான், எரிந்தது. மூன்றாவது முறை வேண்டுமென்றே செய்தான்.

"வெளாடாதண்ணா, குடு."

மூடியைச் சாத்தினால் திரை அணைவதற்காக மூடிக்குள் ஒரு சிறு காந்தமும், அது நெருங்குவதை உணரும் கருவி கீழ்ப்பகுதியிலும் உண்டு. ஸ்பீக்கரின் காந்தம் பட்டதும், மூடிதான் சாத்தியிருக்கிறது என்று லேப்டாப் நினைத்துவிட்டது. இயற்பியல் படித்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூணு வருசம் இன்னாதான் பட்ச்சே?" என்றான் சாம்சன். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

அரிசி மூட்டைமேல் பலகை போட்டு, பத்தரைக்குள் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரத்தில் வேலை உறுதியானது. அன்றைக்குக் கிரேன் ஹாரனை சாம்சன் மூன்று முறை அடித்தான். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வேலை நேரத்தில் அவனால் எப்படி வர முடிந்தது என்று ஜெனிபர் வெகுநாள் கேட்கவே இல்லை. அதே கிரேனில் இரவு ஷிஃப்ட் முடித்து இறங்கிய சக ஓட்டுநர் கலியன்தான், மறுபடி ஏணியில் ஏறி அவனுடைய பகல் ஷிஃப்டையும் ஓட்டியிருக்கிறார். "நீ எனக்கு ஒரு ஷிஃப்டு பாக்கிடா" என்று மட்டும் சொன்னாராம். அடுத்த மாதமே சாம்சனை வேறு ஆலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஷிஃப்டை அவன் இன்னும் ஓட்டிக் கொடுக்கவில்லை.