அந்த வீட்டில் ஊசிப்பெட்டி என்றால்

தையல்காரம்மாவின் வாய்க்குப் பூட்டு கிடையாது என்று தெருவே சொல்லும். அளவு கொடுக்க வரும் பெண்களிடம் மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சத்தமாகவே சொல்லுவாள். போன தடவையைவிட இரண்டு இஞ்ச் ஏறியிருக்கிறதே, வீட்டில் நல்ல கவனிப்போ என்று கேட்டு, கூச்சப்படுகிறவர்களையும் சிரிக்க வைத்துவிடுவாள். பதினான்கு வருடமாக அந்த ஒற்றை அறைக் கடையில் மெஷின் மிதிக்கிறாள். அவள் தைத்த சட்டை சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை.

அந்தக் கடையில் அடிபடாத பேச்சில்லை. எங்கோ ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்ததாகச் செய்தி வந்தால் மறுநாள் முழுக்க அதுதான். காலம் கெட்டுவிட்டது என்பார்கள், பெண்ணைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். தையல்காரம்மாவின் ஏழு வயது மகள் உள்ளே வந்தால் போதும், கப்சிப். குழந்தை காதில் விழக் கூடாதாம். யாருக்கு ஆபத்தோ அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது! என்ன புத்தியோ.

தையல்காரம்மாவும் அதே ரகம்தான். மகளைத் தனியாகக் கடைக்கு அனுப்ப மாட்டாள், மொட்டைமாடிக்கு விட மாட்டாள். பள்ளிக்குப் போய்வர நம்பிக்கையான வேன் பார்த்து ஏற்பாடு செய்திருந்தாள். ஆனால் மூன்று வயதில் குளிப்பாட்டும்போது மகள் தன் உடம்பில் ஓர் இடத்தைக் காட்டி, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டாளே, அப்போது ஊருக்கே அளவு சொன்ன அந்த வாய் ஒட்டிக்கொண்டது. தவழும் வயதிலிருந்தே தொடாதே என்று மகளை விரட்டிவந்த பொருள்தான் சட்டென்று ஞாபகம் வந்தது. அது உன் ஊசிப்பெட்டி, யாரும் தொடக் கூடாது, தொட்டால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்றாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்றைக்கு அவளுக்குப் பெருமை வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மகளின் வகுப்பு டீச்சர் அரைநாள் விடுப்பில் அளவு கொடுக்க வந்தார். தோள் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று ஆரம்பித்தார். பிள்ளைக்குத் தையலில் ஆசை இருக்கலாம், அதற்காக ஊசிப்பெட்டியைப் பள்ளிக்கா கொடுத்தனுப்புவது, யார் கண்ணிலாவது குத்திவிட்டால் யார் பதில் சொல்வது? வேன்காரர் ஊசிப்பெட்டியைத் தொட்டுவிட்டார் என்று இரண்டு தடவை வந்து அழுதாளாம். அவர் நல்ல மனிதர், குத்திவிடப் போகிறதே என்று வாங்கி வைக்கப் பார்த்திருப்பார். இனிமேல் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்று டீச்சர் அதட்டி அனுப்பினாராம்.

தையல்காரம்மா அளவு நாடாவை டீச்சரின் தோளிலிருந்து எடுத்தாள்.

"டீச்சர், அவ எந்தப் பெட்டியும் கொண்டு வரலை."

"அப்புறம் எதைச் சொன்னா?"

இப்போதும் சொல் வரவில்லை. கையால் காட்டினாள். டீச்சர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பள்ளி விட இன்னும் கால்மணி நேரம்தான் இருந்தது. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். பள்ளி வளாகத்துக்குள்ளேயே பிள்ளைகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற வேன்காரர், என்னம்மா இந்தப் பக்கம் என்று சிரித்தார். நேற்றுக்கூட அவளுடைய துணி மூட்டையை இதே சிரிப்போடுதான் இறக்கிக் கொடுத்தார். பாவி, ஒரு வித்தியாசமும் இல்லை! தையல்காரம்மா அவரைத் தள்ளிக்கொண்டு ஏறி, மகளைத் தூக்கி இறக்கினாள். டீச்சர் மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காவலாளியிடம் பள்ளியின் கேட்டைப் பூட்டச் சொன்னார்.

தலைமையாசிரியை போன் செய்ததும் போலீஸ் வந்து வேன்காரரை ஒரு பக்கம் உட்காரவைத்தது. தலைமையாசிரியை அறையில் பெண் காவலர் ஒருவர் மகளிடம் தன்மையாகக் கேட்டார். அவள் டீச்சரைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. சொன்னதற்குத்தான் இரண்டு தடவை திட்டு வாங்கியிருக்கிறாளே.

ஊசிப்பெட்டி என்று எந்தப் புகாரில் எழுதுவார்கள்? தையல்காரம்மா தரையில் மண்டியிட்டு மகளின் முகத்துக்கு நேராகப் பேசினாள்.

"அதுக்குப் பேரு பிறப்புறுப்பு. கண்ணு, மூக்கு மாதிரி அதுவும் உடம்புல ஒரு பாகம்தான். அம்மா தப்பான பேரைச் சொல்லிக் கொடுத்துட்டேன். நீ ஒரு தப்பும் பண்ணலை. நடந்ததை இவங்ககிட்ட சொல்லுடா."

மகள் அந்தச் சொல்லை மெதுவாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு காவலரிடம், பாடம் ஒப்பிக்கிற குரலில், டீச்சரிடம் சொல்லாமல் விட்ட மூன்றாவது நாளையும் சேர்த்து, மூன்று நாள் நடந்ததையும் சொன்னாள். டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார்.

சொல்லி முடித்ததும் மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பேரைச் சொல்லியிருந்தா டீச்சருக்கு முதல் நாளே புரிஞ்சிருக்குமாம்மா?"

"புரிஞ்சிருக்கும்."

"அப்போ ஏன் எனக்குச் சொல்லித் தரலை?"

மழுப்புவதற்கு ஆயிரம் பதில் இருந்தது.

"வெக்கமா இருந்துச்சு" என்றாள்.