நாச்சியம்மாள் பூத்துச் சீட்டு

சோமனூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நாச்சியம்மாளின் எஸ்டிடி பூத் இருந்தது. அங்கே போன் பேச வேண்டுமென்றால் முதலில் எழுத வேண்டும். தேதி கிழித்த காலண்டர் தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். தறி நூலை நாலு புரியாக முறுக்கி அதில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். "என்ன சொல்லப் போறீங்களோ அதை நாலு வரியில எழுதுங்க, அப்புறம் நெம்பர் போடறேன்" என்பாள். முதல் தடவை கேட்கிற யாருக்கும் ஆத்திரம் வரும். எனக்கும் வந்தது. பேசுவதற்குச் சீட்டு எழுதச் சொன்ன முதல் ஆள் அவள்தான், நானோ, சென்னியம்மாள் என்றால் வாய் ஓயாதவள் என்று தெருவுக்கே தெரிந்தவள்.

இது நடந்தது தொண்ணூற்று நாலு கடைசியில். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவளுக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனதால் அந்த பூத் அவளுக்குக் கிடைத்திருந்தது. எட்டாவது வரை படித்தவள். பூத்துக்கு நேர் எதிரே விசைத்தறிக் கூடத்தில் நான் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் கீதா இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சுத் தூசி என் நெஞ்சில் ஏறிவிட்டது. பொழுது சாய்ந்தால் இருமல், படுத்தால் இழுப்பு. "இன்னும் ரெண்டு வருசம் இதுக்குள்ள நின்னீங்கன்னா நடக்கவே மூச்சு வாங்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் பால்வாடி டீச்சர் அடுத்த ஜூனில் ஓய்வு பெறப் போகிறார், பத்தாவது தேறியிருந்தால் அந்த இடத்துக்கு மனுப் போடலாம் என்று பஞ்சாயத்து ஆபீசில் சொன்னார்கள். நான் பத்தாவதில் ஒரே பாடத்தில் தவறியவள். எதில் என்று கேட்டால் சிரிப்பீர்கள். தமிழில். கணக்கில் எழுபது வாங்கியவள் தமிழில் தவறினேன். பிறகு இரண்டு முறை தனியாக எழுதியும் தேறவில்லை. வருகிற ஏப்ரலை விட்டால் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

பரீட்சைக்குப் பணம் கட்டப் பழைய மார்க் சீட்டு வேண்டும். அது பெரியநாயக்கன்பாளையத்தில் அண்ணன் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்பச் சொல்ல வேண்டும் என்றுதான் நாச்சியம்மாளின் பூத்துக்கு முதல் தடவை போனேன். சீட்டு எழுதச் சொன்னாள். "எங்கண்ணங்கிட்டப் பேசறதுக்கு எனக்குச் சீட்டா? போடுங்க நெம்பரை" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக் கொடுத்தாள்.

அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடையில்தான் போன். கடைக்காரர் எடுத்தார். அவரிடம் சௌக்கியம் கேட்காமல் அண்ணனைக் கூப்பிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? அவருடைய மகள் பிரசவத்தை விசாரித்தேன். அண்ணியை நாங்கள் நங்கையா என்போம். அவர் வந்தார், அவருக்கு முட்டிவலி. அப்புறம் அண்ணன் வந்தார். மாடு கன்று போட்டதா, அந்தப் பக்கம் மழை உண்டா, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று எல்லாவற்றையும் கேட்டேன். அவரும் கீதாவைப் பற்றிக் கேட்டார். "சரிங்கண்ணா, வெச்சறட்டுமா, ஒடம்பைப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டேன்.

நாச்சியம்மாள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க்கா, மாட்டைக் கேக்கறதுக்குங்களா இத்தனை அவசரமா ஓடி வந்தீங்க?"

அப்போதுதான் மார்க் சீட்டு ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் உள்ள வியாதி. வந்ததும் விஷயத்தைச் சொல்வது மரியாதை இல்லை. வாங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா என்று நாலு சுற்றுச் சுற்றி, கிளம்பி வாசலில் செருப்பைப் போடும்போதுதான் வந்த காரியத்தைச் சொல்லுவோம். போனில் வாசலும் கிடையாது, செருப்பும் கிடையாது. மரியாதை முடிந்ததும் வைத்துவிடுகிறோம். மறந்துவிட்டு மறுநாள் திரும்பி வந்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நாச்சியம்மாள் சீட்டு எழுத வைத்திருக்கிறாள்.

அவளே ஒரு தாளை எடுத்தாள். "இதைச் சொல்லாம ஊட்டுக்குப் போனா இன்னைக்குத் தூக்கம் வராது, அது எதுங்க?" என்று கேட்டாள். மார்க் சீட்டு என்றேன். எழுதினாள். "அதைச் செய்யறதுக்கு உங்கண்ணனுக்கு என்னென்ன தெரியோணும்?" இரும்புப் பெட்டியில் பச்சைப் பைக்குள் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அவ்வளவுதான். மேலே ஒரு வரி சௌக்கியம், கீழே ஒரு வரி சௌக்கியம். "மரியாதையும் போச்சுன்னு இருக்கக்கூடாது, காரியமும் போச்சுன்னு இருக்கக்கூடாதுங்க" என்றாள். திரும்ப நம்பர் போட்டுக் கொடுத்தாள், ஒரு நிமிஷத்தில் பேசி முடித்தேன்.

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. நான் தமிழில் தவறுவது கட்டுரையில்தான். போன தடவை 'நூலகத்தின் பயன்' என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து நூலகத்துக்குப் போகிற பஸ், அந்த பஸ்ஸின் கூட்டம், நூலகர் மகளுடைய கல்யாணம் என்று மூன்று பக்கம் எழுதினேன். பயனுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். இதை நாச்சியம்மாளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள்.

"எனக்குக் கட்டுரையெல்லாம் தெரியாதுங்க்கா. போன் பேசத்தான் தெரியும். கரண்டு போறப்ப வாங்க, பாக்கலாம்" என்றாள்.

கரண்டு போனால் தறி நின்றுவிடும். எனக்கு அரைமணியோ ஒரு மணியோ கிடைக்கும். ரோட்டைத் தாண்டி பூத்துக்குப் போய்விடுவேன். அதே நூலகத் தலைப்புக்கு ஒரு நாள் சீட்டு எழுதினேன். பதினைந்து வரி வந்தது. நாச்சியம்மாள் பென்சிலை வாங்கிப் பதினொன்றை அடித்தாள். என் அப்பா என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து நூலகத்துக்குக் கூட்டிப் போன வரியையும் அடித்தாள்.

"இது எதுக்குங்க்கா? பயன் என்னன்னுதானுங்களே கேட்டிருக்காங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "எட்டாவது தாண்டாதவ எனக்குக் கட்டுரை சொல்லித் தாரயா?" என்று கேட்டுவிட்டேன். பூத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தறிக்கூடத்துக்கு வந்துவிட்டேன். அதன்பின் ஒரு வாரம் கரண்டு போனாலும் கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மத்தியானம் பக்கத்துத் தறியில் வேலை செய்த தனபால் வெளிறிப் போய் ஓடி வந்தார். அவருடைய அப்பா இறந்துவிட்டார். பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்குச் சொல்ல வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வாங்க என்றார். போகாமல் இருக்க முடியுமா? போனேன்.

நாச்சியம்மாள் தனபாலை நாற்காலியில் உட்கார வைத்தாள். "எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போடுங்க. அப்புறம் எதைச் சொல்றதுன்னு பொறுக்கிக்கலாம்" என்றாள். அவர் காலையிலிருந்து நடந்ததைச் சொன்னார். அப்பா காப்பி கேட்டது, காப்பி ஆறிப் போனது, ஆட்டோக்காரர் தயங்கினது, ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் இல்லாதது. அவள் ஒன்றையும் தடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்கண்ணன் பக்கத்துல இப்ப யாருங்க இருப்பாங்க?"

"நங்கையா இருப்பாங்க."

எழுதிக் கொடுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். 'அண்ணா, தனபால் பேசறேன். நங்கையாவைப் பக்கத்துல கூப்பிட்டுக்குங்க.' அதற்கு அடுத்த வரிதான், 'அப்பா போயிட்டாருங்க.' அப்புறம், 'நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு எடுக்கறோம்.' கடைசியில், 'இன்னைக்குச் சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சா வந்துரலாம்.' காப்பியும் ஆட்டோவும் அதில் இல்லை. "எப்படின்னு கேட்டாங்கன்னா, நேர்ல வாங்க சொல்றேன்னு சொல்லுங்க. அது உக்காந்து பேசற பேச்சுங்க" என்றாள். தனபால் சீட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். ஒரு வரியும் விடவில்லை.

நான் இத்தனை நாளும் எனக்காக எழுதிக்கொண்டிருந்தேன். என் மனசில் இருப்பதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டால் கட்டுரை ஆகிவிட்டது என்று நினைத்தேன். கேட்கிறவருக்கு எது முதலில் வேண்டும், எதை அவரால் தாங்க முடியும் என்று நாச்சியம்மாள்தான் யோசித்தாள். அப்பா சைக்கிளை அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அந்தச் சீட்டில் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

தனபால் போனதும் நான் அங்கேயே நின்றேன். "அன்னைக்கு நான் பேசினது தப்புங்க" என்றேன்.

"எட்டாவது தாண்டலைங்கறது நெசந்தானுங்களே" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

ஏப்ரல் வரைக்கும் அப்படியே போனது. முதலில் தலைப்பைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் அவளிடம் பேசித் தீர்ப்பேன். அவள் கேட்டுக்கொண்டே மற்றவர்களுக்கு நம்பர் போடுவாள். பிறகு, "யாருக்குப் போன் போடறீங்க?" என்பாள். பேப்பர் திருத்துகிறவருக்கு என்பேன். "அவரு இதுக்கு முன்னாடி எத்தனை பேர்த்துகிட்டப் பேசிக் களைச்சிருப்பாரு? சட்டுனு சொல்லுங்க." அதற்கப்புறம்தான் சீட்டு. சில நாள் நான் சொல்வதே சரி என்று சண்டை போட்டு இரண்டு வரியைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். பொதுவில் அவள் அடித்ததே நிலைத்தது.

பரீட்சையில் 'சாலைப் பாதுகாப்பு' வந்தது. படித்தவுடனே என் சித்தப்பா மகன் அவினாசி ரோட்டில் மொபட்டோடு விழுந்ததுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. பழைய சென்னியம்மாளாக இருந்தால் அவன் பெண் பார்த்த கதையிலிருந்து ஆரம்பித்திருப்பேன். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, வந்ததையெல்லாம் பென்சிலில் எழுதினேன். முன் பெஞ்சுப் பெண் அதற்குள் அடிஷனல் ஷீட் கேட்டுவிட்டாள். நான் இன்னும் முன்னுரையே ஆரம்பிக்கவில்லை. இருந்தாலும் விடவில்லை. ஆறு வரியை அடித்தேன், ஐந்துக்கு எண் போட்டேன். மொபட் நாலாவது இடத்துக்குப் போனது, இரண்டே வரியாக. எழுதி முடித்து நிமிர்ந்தபோது பதினைந்து நிமிஷம் மிச்சமிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்த அன்று லீவுக்குக் கீதாவோடு அண்ணன் வீட்டில் இருந்தேன். பேப்பரில் என் எண் இருந்தது. அண்ணன் மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்தார். நான் உடனே மளிகைக்கடைக்கு ஓடவில்லை. முதலில் காலண்டர் தாள் ஒன்றைத் தேடினேன். 'நல்ல விஷயந்தானுங்க' என்று முதல் வரி, அவள் பதறிவிடக் கூடாது. 'நான் பாஸ் பண்ணிட்டேன்' இரண்டாவது. மூன்றாவது வரி எழுதத்தான் நேரமானது. எழுதியதும் போய் நம்பர் போட்டேன்.

முதல் வரி சொன்னேன். இரண்டாவது சொன்னேன். மூன்றாவதற்கு வாயைத் திறப்பதற்குள் அவள் குறுக்கே கேட்டாள்.

"அங்க மழைங்களா?"

மழை இல்லை என்றேன். நங்கையாவின் முட்டிவலி எப்படி என்றாள். மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்றாள். கீதா சாப்பிட்டாளா, நான் சாப்பிட்டேனா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றாள். ஊரையே சீட்டு எழுத வைத்தவள் ஒன்று விடாமல் கேட்டாள். நானும் அழுதுகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைக்காரர் கடிகாரத்தைக் காட்டினார். "சரிங்க்கா, ஒடம்பைப் பாத்துக்குங்க" என்று அவளே வைத்துவிட்டாள்.

ஜூனில் எனக்கு வேலை கிடைத்தது. பால்வாடியில் தூசி இல்லை, இப்போது நன்றாகத் தூங்குகிறேன். பிறகு எத்தனையோ முறை பூத்துக்குப் போய் அந்தப் பேச்சை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் "உக்காருங்க்கா, டீ சொல்றேன்" என்று மாட்டைக் கேட்க ஆரம்பித்துவிடுவாள். அதனால் மூன்றாவது வரி இன்னும் அந்தக் காலண்டர் தாளிலேயே இருக்கிறது. ஆள் நேரில் இல்லாதபோதுதான் சொல்ல முடிகிறது என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

'நாச்சியம்மா, நான் இன்னைக்கு மூச்சு விடறது உங்களாலதானுங்க.'