பதினான்கு பேருக்கும் லெவல் ஒன்று

ஆங்கில வகுப்பு எடுக்கக் கிளம்பும் இளையவர்களே, நான் முட்டாளான கதையை முதலில் கேளுங்கள்.

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மலேசியாவின் ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஊழியர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். லெவல் ஒன்று முதல் ஐந்து வரை. அதைப் பார்த்துத்தான் வகுப்பு பிரிப்பார்கள். நான்கு வாங்குபவருக்கு ஆபீசில் பகல் வேலை ஒன்று காத்திருந்தது. மாறி மாறி வரும் ஷிப்டில், இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டில் விட்டுத் தவித்துக்கொண்டிருந்த கமலா அதற்கு மனு போட்டிருந்தாள்.

தனி அறை கிடைக்கவில்லை. கேன்டீன் மூலையில் மேசை போட்டேன். மற்றவர்கள் எதிர் பெஞ்சில் காத்திருந்தார்கள். முதலில் வந்தவர் லைன் லீடர் மணியம், ஆயர் தாவார் தோட்டத்துக்காரர், தொழிற்சாலையில் எல்லாருக்கும் அண்ணன். என்ன கேட்டாலும் "யெஸ்", "நோ", "சாரி டீச்சர்". லெவல் ஒன்று. அடுத்தவரும் அதே. பதினான்கு பேரும் அதே. கமலாகூட "நோ இங்கிலீஷ் டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

தேநீர் நேரத்தில் கை கழுவப் போனேன். அங்கே கமலா போனில், மகளின் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்ட கிளினிக்காரரிடம் தடங்கலில்லாத ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என் கேள்வி தப்பா, காது தப்பா? முப்பது வருட வாத்தியார் வேலையில் இப்படிக் குழம்பியதில்லை. கோபமும் வந்தது.

"இவ்ளோ நல்லா பேசற. அங்க ஏன் வாய மூடிக்கிட்ட? அந்த வேல வேணாமா?"

"வேணும் டீச்சர். ஆனா மணியண்ணே தடுமாறுனத எல்லாரும் பார்த்தோம்லா. அடுத்தாப்புல நான் போயி படபடன்னு பேசுனா அவரு மூஞ்சி என்னாவும்?"

நேரே மணியத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! எனக்கும் வரும் டீச்சர். காம்பார்ல யுனிவர்சிட்டி பக்கத்துக் கடையில வேல செஞ்சப்ப பழகுனது. மொத ஆளா நான் வெளுத்துக் கட்டுனா பின்னால வர்ற புள்ளைங்க பயந்துடும்லா. அதான் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஸ்டோர் ரூமைக் காலி செய்து, கதவைச் சாத்தி, ஒவ்வொருவராக மறுபடி கூப்பிட்டேன். மணியம் மூன்று. கமலா நான்கு. எச்ஆர் ஷீலா இரண்டு பட்டியலையும் வைத்துக்கொண்டு முழித்தாள்.

"காலையில எல்லாரும் ஒன்னு, இப்ப மூனு, நாலுங்கறீங்க. எத நம்புறது டீச்சர்?"

"ரெண்டாவத நம்பும்மா. மொத லிஸ்ட் என் தப்பு" என்று அதைக் கிழித்துப் போட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

கமலாவுக்கு அந்த வேலை கிடைத்தது. அவரைவிட அவள் மேலே போய்விட்டாளே என்று மணியத்திடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"அந்தப் புள்ளைய இங்க கூட்டியாந்து சேர்த்ததே நான்தான் டீச்சர்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கத்தான் நான் படித்தேன். யாருக்காக மறைக்கிறார் என்று கண்டுபிடிக்க இன்றுவரை தெரியவில்லை. அதனால் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பிக்கிறேன்.